விலாசத்தைப் பதிந்து வையுங்கள்: செட்டிநாட்டுப் பலகார வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம்.

காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கிறேன். போன தீபாவளிக்கு முதல் வாரம் மதுரையிலிருந்து ஒரு வாடிக்கைக்காரர் கூப்பிட்டார். "என்ன ஆச்சி, தேன்குழல்ல சிக்கு வாடை அடிக்குது?" அவர் சொன்ன கடைக்கு நான் சரக்கே போட்டதில்லை. பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதே மஞ்சள் அட்டை, அதே பெயர். கடைசி எழுத்தில் மட்டும் ஒரு கால் கூடுதல். பதினோரு வருசம் நான் கட்டிக் காத்த பெயர் அது.

வக்கீலிடம் போனேன். பெயரை வணிகக் குறியாக, அதாவது டிரேட் மார்க்காக, பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டி, உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு மூன்றையும் நீட்டினேன். மூன்றுமே பெயருக்குக் காவல் இல்லையாம். நம்மில் பலர் இவற்றை நம்பித்தான் நிம்மதியாக இருக்கிறோம்.

பதிவு இல்லாமலும் வழக்குப் போடலாம். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் சனங்களுக்கு நம் சரக்குத்தான் ஞாபகம் வரும் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். பழைய பில், விளம்பரம், அட்டை அச்சடித்த ரசீது எல்லாம் கேட்டார். முதல் நான்கு வருசத்துக்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி பதிந்திருந்தால் இந்த அலைச்சல் பாதிக்கு மேல் மிச்சம்.

பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற நம் ஐயாக்களை ஊர்ப்பேர் சொல்லியா அடையாளம் கண்டார்கள்? விலாசத்தைச் சொன்னால்தான் தெரியும். விலாசம் என்றால் வீட்டு முகவரி இல்லை, அவரவர் தொழிலுக்கு வைத்த பெயர். நாமோ பாக்கெட்டில் 'செட்டிநாடு' என்று பெரிதாகப் போட்டு, நம் பெயரை மூலையில் பொடி எழுத்தில் போடுகிறோம். செட்டிநாடு என்பது ஊர். அதை மட்டும் தனி ஒருவர் பெயரில் பதிவது கடினம். தேன்குழல், சீப்புச்சீடை என்பதும் அப்படியே. கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு வேறு வகை, அது வட்டாரத்துக்கே பொது. பதிவுக்குத் தோதானது உங்களுக்கே உரிய பெயர்தான்.

தனி ஆளும் சிறுதொழில் செய்பவரும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, 4,500 ரூபாய். முறுக்கு, சீடை எல்லாம் 30ஆம் வகுப்பு. அதே சாயலில் வேறு பெயர் இருக்கிறதா என்று பதிவேட்டில் முதலில் தேடிவிடுங்கள், அது இலவசம். அப்புறம் அதிகாரி பார்த்து ஏற்றுக்கொண்டால் வணிகக் குறி இதழில் வெளியாகும். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ். 10 வருசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். பதிவு கைக்கு வரும்வரை, பதிவான பெயர் என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் (®) போடாதீர்கள், அது குற்றம். டிஎம் (™) போடலாம்.

ஐப்பசி வேலை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவோம். விவரம் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு அன்றைக்கே விண்ணப்பித்துவிடலாம். ஆளுக்கொரு பாக்கெட்டும் கிடைத்த பழைய பில்லும் கொண்டுவாருங்கள். இடம் இல்லையென்றால் என் வீட்டு வளவு இருக்கிறது.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி