பழையபேட்டையில் வீடு வாங்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஓட்டு வீடு ஒன்றை வாங்கி, இடித்துவிட்டுக் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாக வாங்கு. இடிக்கத்தான் அவசரப்படாதே.

அது மலைக்கோட்டையை நம்பி எழுந்த பேட்டை. 1791-ல் திப்பு சுல்தானோடு நடந்த போரில் கீழ்க்கோட்டை வரை வந்த ஆங்கிலேயக் கம்பெனிப் படை மேல்கோட்டை ஏற முடியாமல் திரும்பியது. மறுவருஷமே ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் என்ற இந்த வட்டாரத்தோடு சேர்த்து அந்தக் கோட்டையும் அவர்கள் கைக்குப் போனது. பிறகு ஊர், தௌலதாபாத் என்ற புதுப்பேட்டைப் பக்கம் விரிந்தது. திருப்பத்தூரிலிருந்து 1905-ல் வந்த சின்ன ரயில் 1941-ல் நின்றது. மாவட்டத் தலைநகராகியும் இன்றுவரை ரயில் இல்லை, எல்லாம் லாரியும் பஸ்ஸும்தான். வியாபாரம் நெடுஞ்சாலையோரம் போய்விட்டதால்தான் பேட்டைச் சந்துகளில் ஓட்டு வீடுகள் மிச்சமிருக்கின்றன.

இந்த மாதிரி வீடுகளில் முகப்பு குறுகல், உள்ளே நீளம். பத்திரத்தில் நான்கெல்லை எழுதிய இடத்தில் ‘பொதுச்சுவர்’ என்று இருக்கிறதா பார். இருந்தால் பக்கத்து வீட்டு உத்தரமும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். கல்லும் மண்ணும் வைத்த சுவர் ஜேசிபி அதிர்வைத் தாங்காது. விரிசல் அவர் வீட்டில், கேஸ் உன்மேல். ஓட்டையும் மரத்தையும் ஆள் வைத்துக் கையால் இறக்கு. சுவரை அப்படியே விட்டு, தள்ளிப் பில்லர் எழுப்பு. சுவரோரம் அஸ்திவாரம் தோண்டும்போது நீளத்துக்கும் ஒரே மூச்சில் வெட்டாமல், நாலடி வெட்டி, கட்டி, அப்புறம் அடுத்த நாலடி. மண்சுவருக்குச் சிமெண்ட் பூசாதே, ஈரம் வெளியேற வழியில்லாமல் பொரிந்து விழும். சுண்ணாம்புதான் சரி.

மலை மொட்டைப் பாறை. விழுந்த மழை ஊறாமல் நேரே அடிவாரத்துக்கு ஓடிவரும். ரோட்டுமேல் ரோடு போட்டுத் தெரு திண்ணை மட்டத்துக்கு வந்திருந்தால், புதுத் தளத்தைத் தெருவைவிட இரண்டடியாவது தூக்கு.

வில்லங்கச் சான்று ஆன்லைனில் எந்த வருஷத்திலிருந்து கிடைக்கிறது என்று பார். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடு. தாய்ப்பத்திரத்தில் பழைய சர்வே எண், இப்போதோ வார்டு, பிளாக், நகர சர்வே எண். இரண்டும் ஒரே மனைதானா, கோயில் நிலமோ வக்பு நிலமோ உள்ளே வருகிறதா என்று பார்த்துக்கொள். மலையை ஒட்டிய மனை என்றால் தொல்லியல் துறைக் கட்டுப்பாடு உண்டா என்றும் விசாரி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சர்வேயரை வைத்து அளந்துவிடு. அந்த முகப்பில் ஓரடி குறைந்தாலும் மாடிப்படிக்கு இடம் போய்விடும்.

அன்புடன்,
அண்ணன்