தெருவோரத்து அலமாரியும் அப்பாவின் கோபமும்

பெர்லின்
நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா என்று அம்மாவிடம் கேட்டால், "அவரையே கேளு" என்கிறாள்.

இந்த விஷயத்தைப் போனில் பேசினால் பாதியில் உங்களுக்குக் கோபம் வந்துவிடும், இல்லாவிட்டால் எனக்கு வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். வீடியோ காலில் எங்கள் கூடத்து அலமாரியைப் பார்த்துவிட்டு, நல்ல மரமாக இருக்கிறதே, என்ன விலை என்று கேட்டீர்கள். தெருவில் கிடைத்தது என்றேன். அதற்கப்புறம் நீங்கள் சரியாகவே முகம் கொடுத்துப் பேசவில்லை. "ரெண்டு பேரும் சம்பாதிச்சும் என் பொண்ணு குப்பையில பொறுக்கிட்டு இருக்கா" என்று அன்று ராத்திரி புலம்பினீர்களாம். அம்மா வாயில் எது நிற்கும்?

இந்த ஊரில் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் சுவரும் தரையும்தான். பல வீடுகளில் சமையலறையில் மேடைகூட இருக்காது. முன்னால் குடியிருந்தவர்கள் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து ஒயர் மட்டும் தொங்கும். ஆக, ஒவ்வொரு தடவை வீடு மாறும்போதும் ஒரு குடும்பமே பெயர்ந்து போகிறது. புது வீட்டின் அளவுக்குப் பொருந்தாத அலமாரி, மேஜை எல்லாம் அனாதையாகிவிடும். தனியாக இருந்த வயதானவர் இறந்துபோனால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஆள் வைத்து வீட்டை ஒழித்துக் கொடுப்பார்கள். இதை ஒரு தொழிலாகவே செய்கிற கம்பெனிகள் இருக்கின்றன.

மாநகரத் துப்புரவு நிறுவனத்துக்கு பி.எஸ்.ஆர். என்று பெயர். அவர்களுடைய சேகரிப்பு முற்றங்களுக்குக் கொண்டுபோனால் வீட்டுச் சாமானைக் காசு வாங்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் யார் சுமந்துகொண்டு போவது? வாசலில் வைத்து, "இலவசம், எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சட்டப்படி அது தப்பு, அபராதம்கூட உண்டு. இருந்தாலும் ஒரு சாயங்காலம் எங்கள் தெருவில் நடந்தால் ஒரு டப்பா புத்தகம், ஒரு நாற்காலி, ஒரு குழந்தை வண்டி கண்ணில் படாமல் இருக்காது. டாக்டரும் எடுக்கிறார், காலேஜ் பையனும் எடுக்கிறான். யாரும் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. உங்கள் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற ஒருவர், சொந்த வீடு உள்ளவர், சாப்பாட்டு மேஜைக்கு நாற்காலிகளைத் தெருவிலிருந்தே சேர்த்திருக்கிறார். ஒன்றோடொன்று சேராது. அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

அந்த அலமாரியை நாங்கள் எடுத்தபோது அதன் சொந்தக்காரரே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சின்ன வீட்டுக்குப் போகிறாராம், மாடிப்படி வளைவில் இது திரும்பாதாம். எங்கள் மூன்றாம் மாடிவரை அவரும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் உங்களுக்கு உறுத்துவது காசு இல்லை, எனக்குத் தெரியும். யார் வீட்டுச் சாமானோ, யார் செத்த வீட்டுச் சாமானோ என்பதுதான். இருக்கலாம் அப்பா. நூறு வருஷத்துச் சாமான் என்றால் அதை வைத்திருந்த யாராவது செத்துத்தான் இருப்பார்கள். தாத்தா வாங்கிய வீடும் இன்னொருவர் கட்டி, வாழ்ந்து, போன வீடுதானே? அதில்தான் நாம் எல்லோரும் பிறந்தோம்.

சரி, அந்த அலமாரி எப்படி இப்படி ஆனது என்பதைச் சொல்கிறேன். நீங்கள் ரசிப்பீர்கள்.

வந்தபோது கருத்து, பிசுபிசுவென்று இருந்தது. டிராயரை வெளியே இழுத்துப் பார்த்தேன். மூலைகளில் ஆணியே இல்லை, பல் பல்லாகக் கோத்திருந்தது. பல்லெல்லாம் ஒரே அகலமாகவும் இல்லை, கையால் அறுத்தது. அடிப்பலகையில் தச்சர் பென்சிலால் போட்ட எண் இன்னும் அழியவில்லை. அதைப் பார்த்ததும்தான் இதை விடக்கூடாது என்று முடிவு பண்ணினேன். இப்போது கடையில் விற்கும் அலமாரியில் பாதி மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒரு தடவை கழற்றி மாட்டினால் திருகு பிடிக்காது.

மேலே பூசியிருப்பது என்னவென்று தெரியாமல் உப்புத்தாளை எடுக்கக்கூடாது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, கதவின் உள்பக்கம் யாருக்கும் தெரியாத மூலையில் தேய்த்துப் பார்த்தேன். பழுப்பாகக் கரைந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. அரக்கு, அப்பா! நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளையில் பூச்சி சுரக்கிற அதே அரக்கு. அதைத்தான் சுத்தம் பண்ணி, செதில் செதிலாகக் கப்பலேற்றி, ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இங்கே உள்ள தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்து மேஜைக்கும் பியானோவுக்கும் பாலிஷ் போட்டார்கள். பல காலம் உலகச் சந்தைக்கு அரக்கு அதிகமாகப் போனது இந்தியாவிலிருந்துதான். எங்கள் வீட்டு அலமாரி உங்களுக்கு அவ்வளவு அந்நியம் இல்லை என்று இப்போதாவது ஒத்துக்கொள்வீர்களா?

அரக்கில் ஒரு சௌகரியம், பழைய பூச்சை முழுக்க உரிக்கத் தேவையில்லை. புதுப் பூச்சில் இருக்கும் ஸ்பிரிட் பழையதைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, அழுக்கை எடுத்தேன். அரக்குச் செதிலை ராத்திரியே ஸ்பிரிட்டில் ஊறப்போட்டேன். கம்பளித் துண்டைப் பந்தாக்கி, அதன்மேல் பழைய பருத்தித் துணியைச் சுற்றினால் பூசுகிற உருண்டை தயார். அதைக் கரைசலில் தொட்டு, வழுக்கிக்கொண்டு போக அடியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, மெல்லிசாகத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் ஒட்டிக்கொண்டு தழும்பு விழும். விமானம் தரையைத் தொட்டு எழும்புகிற மாதிரி தொடவும் வேண்டும், நகரவும் வேண்டும். பூச்சு சீக்கிரம் காய்ந்துவிடும்; பொறுமைதான் வேண்டும். நிறம் தேன் மாதிரி ஏறிக்கொண்டே வந்தது. சூடான டம்ளரையோ ஈரப் பாத்திரத்தையோ வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பதால் மேலே துணி விரித்திருக்கிறேன். நீங்கள் வந்தாலும் காபியை அதன்மேல் வைக்க விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இதெல்லாம் ஓசை இல்லாத வேலை என்பதால் முடிகிறது. டிரில், ரம்பம், மெஷின் தேய்ப்பு எதுவும் ஞாயிறன்று கூடாது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரையும் கூடாது. கடைகளும் ஞாயிறு மூடித்தான் இருக்கும். இன்றைக்கு நான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

கண்டதையும் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று நினைக்காதீர்கள். மெத்தை, பஞ்சு வைத்த சோபா பக்கமே போவதில்லை. மூட்டைப்பூச்சி ஒரு தடவை வந்தால் வீட்டையே காலி பண்ண வைத்துவிடும். மரச் சாமானிலும் பிளவு, திருகு ஓட்டை, அடிமூலை எல்லாவற்றிலும் டார்ச் அடித்துக் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாசலைத் தாண்டும். தடிமனாகப் பல அடுக்கு பெயிண்ட் அடித்த பழைய சாமானைக் காய்ந்தபடி தேய்க்க மாட்டேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைக்கு ஆகாது. வீட்டுக்குள் ஈய வெள்ளை அடிப்பதைத் தடுக்க 1921-லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை போட்டது. ஆனாலும் பழைய ஜன்னலிலும் கதவிலும் அது இன்னும் ஒளிந்துகொண்டுதான் இருக்கிறது.

சரக்கு ஏற்றுகிற மரத்தட்டுகளை வைத்துச் செடித் தொட்டி செய்வது இங்கே பெரிய மோகம். அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் படிக்கத் தெரிய வேண்டும். எச்.டி. என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்துப் பூச்சியைக் கொன்றது, வீட்டில் வைக்கலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, தொடவே வேண்டாம். கடை வாசலில் அடுக்கியிருக்கும் 120-க்கு 80 சென்டிமீட்டர் யூரோ தட்டுகளை எடுத்தால் திருட்டு. அது ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிற கணக்கில் உள்ள பொருள், குப்பை இல்லை.

தெருவில் கிடைக்காததற்குச் சந்தை இருக்கிறது. மவுவர்பார்க் என்கிற இடத்தில் ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தை கூடும். பேரம் பேசலாம், ஆனால் நம் வேகத்தில் பேசினால் பயந்துவிடுகிறார்கள். பி.எஸ்.ஆர். காரர்களே 2020-இல் ரைனிக்கன்டோர்ஃப் பகுதியில் நொக்மால் என்று ஒரு பெரிய கடை திறந்தார்கள். மக்கள் கழித்த சாமானில் நல்லதைத் தனியாக எடுத்துத் துடைத்து, விலைச் சீட்டு ஒட்டி விற்கிறார்கள். குப்பை அள்ளுகிற நிறுவனமே கடை நடத்துகிறது. உங்களுக்கு இது எவ்வளவு விசித்திரமாக இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சந்தையில்தான் அம்மா குதிக்கப்போகிற ஒரு பொருள் கிடைத்தது: சிங்கர் தையல் மெஷினின் இரும்புக் கால், மிதியோடும் சக்கரத்தோடும். மேலே மெஷின் இல்லை. முப்பது யூரோவுக்கு முடித்தோம். பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் நடுவில் எல்பே நதிக்கரையில் விட்டன்பெர்கே என்று ஓர் ஊர். அங்கே சிங்கர் ஆலை 1904 முதல் ஓடியது. போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனி அரசு அதை எடுத்து வெரிட்டாஸ் என்ற பெயரில் மெஷின் செய்தது. நாடு ஒன்றான பிறகு, 1991-இல், மூடிவிட்டார்கள். அதனால் இந்தப் பக்கம் எந்தப் பரணைத் தட்டினாலும் ஒரு தையல் மெஷின் விழும்.

கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தெடுத்து, சின்னச் சின்னத் திருகுகளை வினிகரில் ஊறப்போட்டு, பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசி உலர்த்தி, காலுக்குக் கறுப்பு அடித்தோம். மேலே போட்ட பலகை ஒரு பழைய கதவிலிருந்து அறுத்தது. அதற்கு ஆளி விதை எண்ணெய். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே, காற்றுப் பட்டுத் தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்று இங்கே எண்ணெய் டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. விரித்துக் காயப்போட்டோம். இப்போது அதுதான் உங்கள் பேரன் வீட்டுப்பாடம் எழுதுகிற மேஜை. கணக்குப் போடுகிறானோ இல்லையோ, காலால் மிதித்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான்.

மெஷின் ஓடுகிற நிலையில் இருந்திருந்தால் நான் அதைப் பிரித்திருக்க மாட்டேன். இங்கே சிலர் நல்ல டைப்ரைட்டரை உடைத்து விளக்காக்குகிறார்கள், புத்தகத்தில் ஓட்டை போட்டுச் செடி வளர்க்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஓடுகிற சாமானைக் கொன்று அழகு பார்ப்பது என்ன அழகு? உடைந்து போனதுதான் வேறொன்றாக வேண்டும். பழைய ஜன்னல் சட்டம் ஒன்றை நாங்கள் போட்டோ மாட்டும் சட்டமாக்கினோம். கண்ணாடி இருந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். உங்கள் கல்யாணப் போட்டோ மேல் வரிசையில் இருக்கிறது. விளக்குகளில் மட்டும் கை வைப்பதில்லை. பித்தளை ஸ்டாண்டுக்கு எர்த் ஒயரோடு புது ஒயர் போட எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டோம். இங்கேயும் 230 வோல்ட்தான்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. போன வாரம் ஒரு நாற்காலி கிடைத்தது. வியன்னா காபிக் கடை நாற்காலி என்பார்கள். தோனெட் என்பவர் பீச் மரத்தை நீராவியில் வளைத்து 1859-இல் போட்ட மாதிரி. ஆறு மரத்துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டு, அவ்வளவுதான் முழு நாற்காலி. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி போகுமாம். எங்களுடையது அசலா, அதைப் பார்த்துச் செய்ததா என்று பார்க்கவில்லை. மரம் உறுதியாக இருக்கிறது. உட்காரும் இடத்துப் பிரம்புதான் கிழிந்து தொங்குகிறது. சுற்றிலும் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. இங்கே பின்னிக் கொடுக்கக் கூலி கேட்டேன், வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டேன். பிரம்புச் சுருள் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

வராந்தாவில் உங்கள் சாய்வு நாற்காலியை நீங்களே உட்கார்ந்து பின்னியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நெட்டு வரிசை, குறுக்கு வரிசை வரை எனக்குப் புரிகிறது. சாய்வாகப் போகிற இழை எதன்மேல் ஏறி எதன்கீழ் இறங்க வேண்டும் என்பதில்தான் குழம்புகிறேன். அடுத்த சனிக்கிழமை, உங்களுக்கு மத்தியானம் தூங்கி எழுந்த நேரத்தில், கூப்பிடுகிறேன். அம்மாவை போனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியைக் கிட்டே காட்டுங்கள். பிரம்பை எவ்வளவு நேரம் ஊறப்போடுவீர்கள், முடிச்சை அடியில் எங்கே போடுவீர்கள் என்பதையும் யோசித்து வையுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்பு மகள்