பீரோவ கட்டிட்டியா பாப்பா

பாப்பா, அம்மா சொல்லி எழுதல, நானாத்தான் எழுதுறேன். ப்ளூ டிக் விழுந்து பதினோரு நாளாச்சு, ஜப்பான்ல வேலை இருக்கும், தெரியும். இங்க கேரட் எடுத்தாச்சு, மேட்டுப்பாளையம் மண்டில ரேட்டு பரவால்ல. மணி குட்டி போட்டிருக்கு, நாலு. அவ்ளோதான் நியூஸ்.

நெலம் ஆடுனா மேல விழாம அந்த பீரோவ சுவத்தோட கட்டிட்டியா? வாடகை வீட்டுல ஆணி அடிக்க விடமாட்டாங்கன்னு சொன்ன, சரி, ஆனா பீரோ மண்டைக்கும் சீலிங்குக்கும் நடுவுல முட்டுக் குடுக்கற கம்பி அங்க கடையிலயே விக்குதாமே, யூடியூப்ல பாத்தேன். 1995ல அங்க கோபேல விடிகாலை 5.46க்கு நெலம் ஆடுனப்போ 6,400 பேருக்கு மேல செத்தாங்க, நெறைய பேரு படுத்த எடத்துலயே வீடும் சாமானும் மேல விழுந்து போனவங்க. கட்டில தள்ளிப் போடு. தலைமாட்டுல ஷூவும் டார்ச்சும் வை, கண்ணாடி ஒடஞ்சு கெடந்தா வெறுங்காலோட எங்க போவ? தண்ணி ஒரு நாளைக்கு 3 லிட்டர், மூணு நாளைக்கு 9 லிட்டர், நீ ரெண்டு பாட்டில வெச்சிட்டு போதும்ப, உன்ன எனக்குத் தெரியாதா.

போன்ல நெலநடுக்க அலாரம் அலறுனா டேபிளுக்கு அடியில போயி அதோட கால கெட்டியா புடிச்சுக்கோ. மொதல்ல வர்ற அலை வேகம் ஆனா லேசு, பின்னாடி வர்றதுதான் போட்டு ஆட்டும், அந்த ரெண்டுக்கும் நடுவுல கெடைக்கற செகண்டுதான் அலாரம்னு நீதான சொல்லிக் குடுத்த. ஆடும்போது வெளிய ஓடாத. இங்க வேற கதை, சுவத்துல புதுசா வெடிப்பு விட்டா, மரம் சாஞ்சா, ஓடை திடீர்னு சேறா வந்தா ஓடித்தான் ஆகணும். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காத. பீரோவ மறந்துறாத.

2024 புத்தாண்டுக்கு அங்க நோட்டோல 7.6 அளவுக்கு ஆடுச்சே, நம்மூருக்கு மதியம் 12.40, நான் டிவி போடறதுக்கு முன்னாடியே "அப்பா நல்லாருக்கேன்"னு போன் பண்ணிட்ட. அந்தத் தெளிவு யாருக்கு வரும், டீக்கடைல எல்லார்ட்டயும் சொன்னேன். ஆனா ஆடுனாத்தான் அப்பன் ஞாபகம் வருமா?

அதே நோட்டோல அந்த செப்டம்பர்ல பேஞ்ச மழைல மலை எறங்குச்சு, ஏற்கனவே ஆடி லூசான மண்ணு. ஜன்னல் மட்டத்துக்கு சேறு நிக்கற வீடு ஒண்ணு வீடியோல வந்துச்சு, அன்னிக்கு நான் சாப்பிடல, உங்கம்மா சுகர்னு நெனச்சா.

போன தடவ வந்தப்ப பின்கட்டு ரூம்ல நின்னு நீ கேட்டதுக்கு நான் கத்துனேன், மழைக்கு யாரு என்ன பண்ணன்னு. மழை மேல பழி போட்டது நாந்தான் பாப்பா. 2009 பிப்ரவரில பர்மிஷன் இல்லாம ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஜேசிபிய கொண்டாந்து மேட்ட செங்குத்தா பன்னண்டு அடி வெட்டுனேன். தடுப்புச் சுவருக்கு வெச்சிருந்த காசு பெரியப்பா விஷயத்துல போச்சு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டேன். நவம்பர்ல நம்ம நீலகிரி ஜில்லாவுல 40 பேருக்கு மேல போன அந்த மழைல மேடு வந்து உன் கட்டில்ல உக்காந்துச்சு. குளிருதுன்னு நீ பாட்டிகூட முன் ரூம்ல படுத்திருந்த. கதவு தொறக்கல, ஜன்னல்ல டார்ச் அடிச்சா உன் தலகாணில ஒரு மூல மட்டும் தெரிஞ்சுது, மஞ்சப் பூ போட்டது. ஏம்ப்பா சுவரு கட்டலன்னு காலைல கேட்ட, பதினோரு வயசு, அடிச்சேன். பாக்க வந்த ஆபீசர்ட்டயும் மழைன்னுதான் சொன்னேன், நிவாரணமும் வாங்குனேன்.

சுவரு இன்னும் பாதிதான் நிக்குது. நீ கேட்ட மாதிரியே, அந்தப் பக்கம் குடியிருந்தவங்கள நேத்து முன் ரூமுக்கு மாத்திட்டேன், வாடக கேக்கல. அவங்க சின்னவனுக்கு ஆறு வயசு.

பீரோவ கட்டுனா ஒரு போட்டோ அனுப்பு. பேசக்கூட வேணாம்.

அப்பா