கீழ்த்தகட்டை இன்னும் மூடவில்லை

அன்பு மகளுக்கு,

சென்ற வாரம் நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகளாகியும் நான் வீட்டில் கட்டும் விமானம் ஏன் முடியவில்லை, பெட்டியில் வந்த பாகங்களைப் பொருத்துவதற்கு இவ்வளவு காலமா என்று கேட்டாய். அந்தக் கேள்விக்குள் என்னைப் பற்றிய அச்சமும் இருந்ததை உன் குரலிலேயே உணர்ந்தேன். ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

பெட்டியில் வருபவை அளவாக வெட்டிய அலுமினியத் தகடுகளும், இறக்கைக்கு வடிவம் தரும் ரிப்புகளும், அதன் நீளவாட்டில் சுமை தாங்கும் ஸ்பார்களும்தாம். அவற்றைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகளால், அதாவது துளையில் செருகி முனையை அடித்து நசுக்கும் சிறு உலோக ஆணிகளால், இணைக்க வேண்டும். ஒவ்வொரு துளையையும் டிரில் செய்து, தகடுகளைப் பிரித்தெடுத்து, துளையின் இருபுறத்துப் பிசிறையும் நீக்கிய பின்னரே மறுபடி சேர்த்து ரிவெட் அடிக்கலாம். இந்தப் பிசிறு எடுக்கும் வேலைதான் ஆண்டுகளை விழுங்குகிறது. அதைத்தான் நான் எவ்வகையிலும் சுருக்க மாட்டேன். 1954-இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியதை ஆராய்ந்தவர்கள், உடற்கூட்டின் திறப்புகளை ஒட்டி உலோகம் களைத்து விரிசல் கண்டதே காரணம் என்று அறிந்தார்கள். அவை காற்றழுத்தம் ஏற்றிய பெரிய விமானங்கள். நம்முடையது இருவர் மட்டும் அமரும் சிறியது. ஆனாலும் எஞ்சின் அதிர்வும் காற்றின் உலுக்கலும் இதன் தகட்டையும் ஓயாமல் வளைத்து நிமிர்த்தும். அப்போது துளை விளிம்பில் நகத்தால் உணரக்கூடிய ஒரு கீறல் இருந்தாலும் விரிசல் அங்கிருந்து தொடங்கக்கூடும்.

இந்த ஆண்டுத் தாமதத்துக்கு வேறு காரணமும் உண்டு. அதை உன்னிடம் மறைப்பது முறையில்லை. இடது இறக்கையில் ஓர் இரவு, கை சோர்ந்த பிறகும் தனியாகவே ரிவெட் அடித்துக்கொண்டிருந்தேன். 3.2 மில்லிமீட்டர் ரிவெட் என்றால், அடித்து முடித்ததும், நசுங்கிப் பரந்த அதன் வால்பக்கத் தலை சுமார் 4.8 மில்லிமீட்டர் அகலமும் 1.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்டு வட்டமாக அமர வேண்டும். மூன்று ரிவெட்டுகள் சாய்ந்து படுத்துவிட்டன. அவற்றைக் கழற்றும்போது டிரில் விலகி, ஒரு துளை முட்டை வடிவமாகிவிட்டது. அடுத்த பெரிய அளவு ரிவெட்டைப் போட்டு அதை நிரப்புவது அனுமதிக்கப்பட்ட வழிதான். ஆனால் துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை ரிவெட் விட்டத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இடைவெளி இருக்க வேண்டும். பெரிய ரிவெட்டுக்கு அந்த இடைவெளி எஞ்சவில்லை. எனவே அந்த ரிப்பையே எடுத்துவிட்டுப் புதியது வரவழைத்தேன். அதைச் சுற்றியிருந்த ரிவெட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, திரும்ப அடித்து முடிக்க நான்கு மாதங்களாயின. அந்த நான்கு மாதங்களை நான் வீணென்று கருதவில்லை. சோர்ந்த கையோடு ரிவெட் கன்னை எடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன், இன்றுவரை மீறவில்லை.

இனி உன் அச்சத்துக்கு வருகிறேன். வீட்டில் கட்டிய விமானங்களுக்கு முதல் சில பறத்தல்களே ஆபத்து மிகுந்தவை என்பது உண்மை. எஞ்சினுக்கு எரிபொருள் ஒழுங்காகப் போய்ச் சேராமல் சக்தி குறைவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே மூக்கை உயர்த்தி நிறுத்தி, ஏறும் கோணத்திலேயே எரிபொருள் ஓட்டத்தை அளப்பேன். பம்ப் வழியாக வரும் அமைப்பில், முழு வேகத்தில் எஞ்சின் குடிக்கும் அளவைப்போல் 125 விழுக்காடாவது குழாயில் வர வேண்டும். மூன்று சக்கரங்களையும் தனித்தனித் தராசில் ஏற்றி, எடை மையம் எங்கே விழுகிறது என்று கணக்கிடுவேன். அது பின்னுக்குத் தள்ளிப்போனால், கட்டுப்பாடு இழந்த விமானத்தை மீட்பது கடினம். இத்தனையும் சரியாக அமைந்தாலும் முதல் முறை அதை ஓட்டப்போவது நான் இல்லை. இதே வகை விமானத்தில் நீண்ட அனுபவமுள்ள ஒரு விமானியைக் கேட்டிருக்கிறேன், அவரும் ஒப்புக்கொண்டார். கட்டியவன் தன் உழைப்பின் மீதுள்ள ஆசையால் ஒரு தவறான ஒலியைக்கூட நல்ல ஒலியாகக் கேட்டுவிடக்கூடும் என்று எனக்குத் தோன்றியது. அந்த நாளில் நான் ஓடுபாதையின் ஓரத்தில் நிற்பேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வால்பகுதியைக் கட்டியபோது, என் கை நுழையாத இடத்தில் நீதான் கையை விட்டு, ரிவெட்டின் வால் நசுங்குவதற்காக எதிர்ப்புறம் இரும்புக்கட்டியை அழுத்திப் பிடித்தாய். அந்த ரிவெட்டுகளில் ஒன்றைக்கூடக் கழற்ற நேரவில்லை. இறக்கையின் கீழ்த்தகட்டை மூடுவதற்கும் இருவர் வேண்டும். மூடிவிட்டால் உள்ளே இருப்பதை முழுமையாகப் பார்க்க வழியில்லை. பிறகு சிறு பரிசோதனைத் திறப்புகள் மட்டுமே மிஞ்சும். முறுக்கிச் சரிபார்த்த ஒவ்வொரு நட்டின் மீதும் சிவப்புக் கோடு இட்டிருக்கிறேன். ஆறு ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய என் கண், இல்லாத கோட்டையும் இருப்பதாகக் காட்டிவிடும். நீ விளக்கும் சிறு கண்ணாடியும் வைத்துக்கொண்டு, என்னிடம் எதையும் கேட்காமல், வரைபடத்தை மட்டும் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அதற்கு இரண்டு நாட்களும், தகட்டை மூட மூன்று நாட்களும் ஆகும்.

எந்த வாரம் விடுப்புக் கிடைக்கும் என்று எழுது. அதுவரை இறக்கை தாங்கியின் மேலேயே திறந்தபடி இருக்கும்.

அன்புடன்,
அப்பா