கொரோனா காலத்துக் கணக்கை யார் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் கொரோனா பற்றிய பொது விசாரணையை நடத்திவரும் முன்னாள் நீதிபதி ஹெதர் ஹாலெட், 2025 நவம்பரில் தன் இரண்டாவது அறிக்கையை வெளியிட்டார். 2020 மார்ச்சில் ஊரடங்கை ஒரு வாரம் முன்னதாகப் போட்டிருந்தால் முதல் அலையில் இங்கிலாந்தில் மட்டும் சுமார் 23,000 பேர் பிழைத்திருப்பார்கள் என்று அதில் இருக்கிறது. அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணித மாதிரிகளை வைத்துப் போட்ட அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று அங்கேயே வாதம் நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் பிரதமராக இருந்தவரைச் சத்தியம் செய்யவைத்து, இரண்டு நாள் கேள்வி கேட்டு, அமைச்சர்களின் வாட்ஸ்அப் செய்திகள் வரை வாங்கிப் படித்து, அதன் பிறகு ஒருவர் "இத்தனை பேர் செத்திருக்க வேண்டியதில்லை" என்று எழுத முடிகிறது. நம் நாட்டில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே இன்னும் தீர்ந்தபாடில்லை.

2021 மே மாதம் என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ஒரு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்சிலேயே நான்கு மணி நேரம் படுக்கைக்காகக் காத்திருந்து இறந்தார். இறப்புச் சான்றிதழில் கொரோனா என்ற சொல்லே இல்லை; மூச்சுத்திணறல், மாரடைப்பு என்று போட்டார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது, அதை வாங்க அக்கா மாவட்டக் குழுவின் முன் போய் நின்று தன் கணவர் எதனால் இறந்தார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. பணம் வந்தது. அது ஏன் நடந்தது என்ற பதில் வரவில்லை. அக்காவைப் போல எத்தனை வீடுகள் என்று யோசித்துப் பாருங்கள். அரசுக் கணக்கில் மொத்தக் கொரோனா மரணம் 5.3 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் சொன்ன மதிப்பீடு, 2020, 2021 இரண்டு ஆண்டிலும் சேர்த்து, வழக்கமாக எதிர்பார்க்கும் அளவைவிட 47 லட்சம் கூடுதல் மரணங்கள். மத்திய அரசு அந்த முறையையே ஏற்கவில்லை. சரி, வெளிநாட்டுக் கணக்கு வேண்டாம், நம்முடைய பிறப்பு இறப்புப் பதிவையே பார்ப்போம் என்றால், 2021-ல் பதிவான இறப்புகள் 1 கோடியே 2 லட்சம், அதற்கு முந்தைய ஆண்டு 81 லட்சம். ஒரே ஆண்டில் 20 லட்சத்துக்கும் மேல் கூடியிருக்கிறது. பதிவு பெருகியதாலும் கொஞ்சம் கூடியிருக்கும்தான், அதை மறுக்கவில்லை, ஆனால் எவ்வளவு பதிவால், எவ்வளவு நோயால் என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டாமா? இந்தப் புள்ளிவிவரமே 2025 மே மாதம்தான் வெளியே வந்தது.

இதைக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். அது அந்த நாட்களில் என்ன நிலையில் இருந்தது என்பதை நாம் வேகமாக மறந்துவிட்டோம். 2020 மார்ச் 23 அன்று கூட்டத்தொடரை முடித்துவிட்டு எம்.பி.க்கள் ஊருக்குப் போனார்கள், மறுநாள் இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவிலிருந்து 130 கோடிப் பேருக்கு ஊரடங்கு. நான்கு மணி நேர அவகாசம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவுகள் அவை. எதுவும் வாக்கெடுப்புக்கு வரவில்லை. அப்புறம் கிட்டத்தட்ட ஆறு மாதம் அவை கூடவே இல்லை. அமைச்சகங்களின் வேலையைக் கண்காணிக்கும் எம்.பி.க்களின் நிலைக்குழுக்களாவது காணொளியில் கூடலாமா என்று குழுத் தலைவர்கள் சிலர் கேட்டபோது, ரகசியம் காக்கும் விதிக்கு ஒத்துவராது என்று மறுத்துவிட்டார்கள். அதே ஏப்ரலில் பிரிட்டன் எம்.பி.க்கள் சிலர் அவையிலும் மற்றவர்கள் வீட்டுத் திரையிலுமாக இருந்து அமைச்சர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 14 அன்று அவை கூடியது, கேள்வி நேரம் இல்லாமல். இது ஏதோ நடைமுறை விவகாரம் என்று நினைத்துத் தாண்டிப்போய்விடாதீர்கள். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலில் ஓட்டை இருந்தால் உறுப்பினர் அங்கேயே துணைக் கேள்வி போடலாம். எழுத்தில் வரும் பதிலுக்கு அந்தச் சங்கடம் இல்லை. தாள் வந்து சேரும், கதை முடிந்தது. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, "அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை" என்று தொழிலாளர் அமைச்சர் சந்தோஷ் கங்வார் எழுத்தில் பதில் கொடுத்தது அந்த முதல் நாளில்தான். ஏன் பராமரிக்கவில்லை, யார் பராமரிக்க வேண்டும் என்று அடுத்த நொடி கேட்க வழியில்லை. அதே கூட்டத்தொடரில் தொழிலாளர்களை ஊருக்குக் கொண்டுபோன ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் 97 பேர் இறந்தார்கள் என்று ரயில்வே அமைச்சர் சொன்னார். ஆக, எண்ணிப் பார்த்த இடத்தில் எண் இருக்கத்தான் செய்தது. 1 கோடியே 4 லட்சம் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள் என்று எண்ண முடிந்த அரசால் வழியில் விழுந்தவர்களை எண்ண முடியாமல் போனது ஏன் என்ற கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது. அந்த ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்கவே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு குழு தன் வேலையைச் செய்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ராம் கோபால் யாதவ் தலைமையிலான சுகாதார நிலைக்குழு 2020 நவம்பர் 21 அன்று தன் அறிக்கையை மாநிலங்களவைத் தலைவரிடம் கொடுத்தது. மருத்துவ ஆக்சிஜன் தட்டுப்பாடு வரக்கூடாது, உற்பத்தியை ஊக்குவிக்க வேண்டும், சிலிண்டர் விலைக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். இரண்டாவது அலைக்கு ஐந்து மாதம் முன்பு! 2021 ஏப்ரலில் என்ன நடந்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை, நாம் எல்லோரும் அதில் இருந்தோம். செங்கல்பட்டில் மே மாதத் தொடக்கத்தில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது என்று உறவினர்கள் கதறினார்கள், அதிகாரிகள் தட்டுப்பாடே இல்லை என்றார்கள். 2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக எந்த மாநிலமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று மத்திய அரசு பதில் தந்தது. அந்தப் பதிலைக் கேட்டு என் அக்கா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உள்ளே போனது என் கண்ணிலேயே நிற்கிறது. 2022 செப்டம்பரில் அதே நிலைக்குழு, அரசு இப்படி ஒரேயடியாக மறுப்பது வருத்தம் தருகிறது, மாநிலங்களோடு சேர்ந்து ஆக்சிஜன் மரணங்களைத் தணிக்கை செய்யுங்கள் என்று மறுபடியும் எழுதியது. நிலைக்குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. அதுதான் சிக்கல். எச்சரிக்கலாம், வருத்தப்படலாம், அதற்கு மேல் கையில் ஒன்றும் இல்லை.

பிரிட்டன் நாடாளுமன்றம் உத்தமமாக நடந்துகொண்டது என்று நான் சொல்ல வரவில்லை. கொரோனா வைரஸ் சட்டத்தை அவர்கள் சில நாட்களிலேயே அவசரமாக நிறைவேற்றினார்கள். ஊரடங்கு விதிகளோ 1984-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் முதலில் அமலுக்கு வந்தன, விவாதம் பல வாரம் கழித்துத்தான். அவைத் தலைவர் லிண்ட்சே ஹோய்ல் 2020 செப்டம்பர் கடைசியில், அரசு இந்த அவையை அவமதிக்கிறது என்று வெளிப்படையாகக் கண்டிக்கும் அளவுக்குப் போனது. ஆனால் கண்டித்தார், அங்கேதான் வேறுபாடு. தணிக்கை அலுவலகம் பாதுகாப்புக் கவசக் கொள்முதலைத் தோண்டி எடுத்து, அமைச்சர்களும் எம்.பி.க்களும் பரிந்துரைத்த நிறுவனங்களுக்குத் தனி வழி ஒன்று இருந்ததையும், அதில் வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு ஒப்பந்தம் கிடைத்ததையும், சாதாரண வழியில் வந்தவர்களுக்கு நூற்றில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காததையும் 2020 நவம்பரிலேயே, தொற்று ஓயும் முன்பே, அச்சடித்து வெளியிட்டது. நம் ஊரில் பிஎம் கேர்ஸ் நிதி, பொது அதிகார அமைப்பே அல்ல என்ற காரணத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் வெளியே, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) தணிக்கைக்கும் வெளியே இருக்கிறது.

2021 அக்டோபரில் பிரிட்டன் எம்.பி.க்களின் இரண்டு குழுக்கள் சேர்ந்து ஓர் அறிக்கை தந்தன. ஆரம்ப நாட்களின் தாமதம், அந்நாட்டு வரலாற்றின் மிக முக்கியமான பொதுச் சுகாதாரத் தோல்விகளில் ஒன்று என்றார்கள். கடுமையான அறிக்கைதான். ஆனால் அந்த இரண்டு குழுத் தலைவர்களில் ஒருவர் ஜெரமி ஹன்ட், 2012 முதல் 2018 வரை அவரே சுகாதார அமைச்சர். நாடு தயாராக இல்லை என்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு. அவர் நேர்மையாகவே நடந்துகொண்டார் என்று வைத்துக்கொண்டாலும், தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்கார முடியாது. அதனால்தான் 2005-ஆம் ஆண்டு விசாரணைச் சட்டத்தின் கீழ், ஆவணத்தையும் சாட்சியையும் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் அதிகாரத்தோடு, கட்சிக்கு வெளியே உள்ள ஒருவர் தேவைப்பட்டார். வாட்ஸ்அப் செய்திகளைத் தரமாட்டோம் என்று அரசே நீதிமன்றம் போய் 2023 ஜூலையில் தோற்றது. ஒரு நாடாளுமன்றக் குழு கேட்டிருந்தால் அவை கிடைத்திருக்குமா?

இங்கேயும் சட்டம் இருக்கிறது, புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி, இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றினால் மத்திய அரசு ஆணையம் அமைத்தே தீர வேண்டும். சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் அதற்கு உண்டு, சாட்சியை அழைக்கலாம், கோப்பைக் கேட்கலாம். அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு அவையில் வைக்க வேண்டும். கர்நாடகத்தில் கொரோனாக் காலக் கொள்முதல் முறைகேடுகளை விசாரிக்க 2023-ல் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா ஆணையத்தை அமைத்தார்கள், ஆகவே இது நடக்காத காரியம் அல்ல.

விசாரணை ஆணையம் என்றதும் நம் மக்களுக்குச் சலிப்பு வருகிறது, எனக்கும் வரும். ஜெயலலிதா மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையம் 2017-ல் தொடங்கி எத்தனை முறை காலநீட்டிப்பு வாங்கி 2022-ல் அறிக்கை தந்தது என்று பார்த்தோம். பிரிட்டனிலும் இந்த விசாரணைக்குக் கிட்டத்தட்ட 20 கோடி பவுண்ட் செலவாகிவிட்டது, இன்னும் முழுசாக முடியவில்லை. ஸ்வீடனைப் பாருங்கள்: 2020 ஜூனிலேயே, நோய் பரவிக்கொண்டிருக்கும்போதே ஆணையம் அமைத்து, 2022 பிப்ரவரியில் கடைசி அறிக்கையையும் வாங்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் விசாரிக்கிறேன் என்று இறங்கினால் இழுக்கும். கேள்வியைச் சுருக்கினால் முடியும். நான் கேட்பது மூன்றே விஷயம், ஊரடங்கு அறிவிப்பு, ஆக்சிஜன், மரணக் கணக்கு. பதினெட்டு மாதக் கெடு, காலநீட்டிப்பு வேண்டுமென்றால் மறுபடி அவைக்கு வந்து கேட்கட்டும், விசாரணை நேரலையில் நடக்கட்டும்.

இது ஒரு கட்சியைக் குறிவைக்கும் வேலை என்று சிலர் சொல்வார்கள். தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது அலையின் நடுவில், 2021 மே 7 அன்று, ஆட்சி மாறியது. செங்கல்பட்டு மரணங்கள் நடந்தது தேர்தல் முடிவு வந்து புது அரசு பதவியேற்பதற்கு இடைப்பட்ட அந்தச் சில நாட்களில். அப்போது உண்மையில் யார் பொறுப்பில் இருந்தார்கள்? மத்திய அரசு, மாநிலத்தின் பழைய, புதிய ஆட்சிகள், அதிகாரிகள், தனியார் மருத்துவமனைகள், எல்லோரும் பதில் சொல்லும்படி இருந்தால் யாருக்கும் பயம் இருக்கத் தேவையில்லை. செவிலியர்களையும் மருத்துவர்களையும் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை, அவர்கள்தான் முதலில் சாட்சி சொல்ல வருவார்கள் என்று நம்புகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் அலுவலுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவர ஒருவர் முன்வந்தால் போதும். ஆளும் தரப்பு ஆதரிக்காமல் நிறைவேறாது என்பது எனக்கும் தெரியும். தோற்றாலும் அமைச்சர் எழுந்து நின்று ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்ல வேண்டிவரும், அது அவைக் குறிப்பில் ஏறும், இன்றுவரை அதுகூட நடக்கவில்லை. உங்கள் நிருபர்கள் இந்த 57 பேரிடமும் ஆமாவா இல்லையா என்று ஒருமுறை கேட்டு, வந்த பதிலைப் பெயரோடு வெளியிட முடியுமா? அதோடு இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள்: 2020 நவம்பரில் நிலைக்குழு ஆக்சிஜன் பற்றி எழுதிய அந்தப் பக்கத்தை, 2021 ஏப்ரலுக்குள் அவர்களில் எத்தனை பேர் படித்திருந்தார்கள்?

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி