எந்த நாட்டுச் சாண்டியாகோ?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை உலகச் செய்திப் பக்கத்தில் ‘சாண்டியாகோவில் கனமழை, விமானங்கள் ரத்து’ என்று நான்கு வரி போட்டிருந்தீர்கள். எந்த நாடு என்று தலைப்பிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவின் மகன் அமெரிக்காவில் சான் டியேகோவில் படிக்கிறான். அந்த ஊரையும் நம் பத்திரிகைகள் பல நேரம் ‘சாண்டியாகோ’ என்றே அச்சிடுவதால் அவர் பதறிப்போய், அங்கே நள்ளிரவு என்றும் பாராமல் போன் போட்டுவிட்டார்.

நான் மும்பை விமான நிலையத்தின் சகார் ஏர் கார்கோவில் சரக்கு ஆவணங்கள் தயாரிப்பவன். ‘சாண்டியாகோ’ என்று மட்டும் எழுதி வரும் தாளை நாங்கள் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒவ்வோர் ஊர் விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு: சிலியின் தலைநகர் என்றால் எஸ்.சி.எல்., கியூபாவில் இருப்பது எஸ்.சி.யு., ஸ்பெயினில் இருப்பது எஸ்.சி.க்யூ. கடைசி எழுத்து ஒன்று பிசகினால் பெட்டி வேறு கண்டத்துக்குப் போய்விடும். டொமினிக்கன் குடியரசிலும் ஒன்று உண்டு, எஸ்.டி.ஐ.

சரக்கை விடுங்கள், செய்திக்கு வருகிறேன். 2010 பிப்ரவரியில் 8.8 அளவு நிலநடுக்கத்தில் விமான நிலையமே மூடிக் கிடந்தது சிலி சாண்டியாகோவில். 2012 அக்டோபரில் சாண்டி புயல் புரட்டிப் போட்டது கியூபா சாண்டியாகோவை. 2013 ஜூலை 24 அன்று ரயில் தடம் புரண்டு பலர் மாண்டது ஸ்பெயின் சாண்டியாகோவுக்குப் பக்கத்தில். நாடு சொல்லாமல் எழுதினால் இந்த மூன்றும் ஒரே ஊரின் துயரங்களாகத்தான் வாசகர் மனதில் பதியும். வெளிநாட்டில் மேற்படிப்பு தேடும் நம் பிள்ளைகளுக்கும் இது முக்கியம். சாண்டியாகோ பல்கலைக்கழகம் ஸ்பெயினிலும் இருக்கிறது, சிலியிலும் இருக்கிறது.

இந்த ஊர்களுக்கெல்லாம் பெயர் கொடுத்த புனிதர் நமக்கும் அந்நியர் இல்லை. ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடத்தில் ஜூலை மாதம் திருவிழா எடுக்கிறோமே, அதே சந்தியாகப்பர்தான், இயேசுவின் சீடரான புனித யாக்கோபு. எங்கள் பக்கம் இந்துக்களும் முஸ்லிம்களும் அந்தத் திருவிழாவுக்கு வருவார்கள். ஸ்பெயினியர்கள் அவரைத் தங்கள் நாட்டுக் காவலராகக் கொண்டவர்கள். கடல் கடந்து போன இடத்திலும் ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1541-ல் பெத்ரோ தெ வல்திவியா சிலியில் நிறுவிய நகரமும் அப்படி வந்ததுதான். சந்தியாகப்பருடைய கல்லறை இருப்பதாக நம்பப்படும் ஸ்பெயின் சாண்டியாகோ பேராலயத்துக்கு நடைபயணம் போகிறவர்கள், குறைந்தது 100 கிலோமீட்டராவது நடந்திருந்தால் சான்றிதழ் பெறுகிறார்கள். நம் ஊர்ப் பாதயாத்திரைக்காரர்கள் படித்தால் மகிழ்வார்கள். ஆனால் போன வருடம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் ‘சாண்டியாகோ யாத்திரை’ என்று மட்டுமே இருந்தது. சந்தியாகப்பர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

ஆகவே, சாண்டியாகோ என்று வரும்போதெல்லாம் முன்னால் நாட்டின் பெயரைச் சேருங்கள். சான் டியேகோவைப் பிரித்தே அச்சிடுங்கள். அப்புறம், சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் 2027 ஸ்பெயின் சாண்டியாகோவில் புனித ஆண்டு. செய்திகள் நிறைய வரும். அப்போதாவது ‘ஸ்பெயினில் சந்தியாகப்பர் திருவிழா’ என்று தலைப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து வாசகர்,
தாராவி, மும்பை-17