இன்சுலினில் மண்ணைப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பின் மருத்துவப் பக்கத்தில், 'சேற்றில் நெளியும் கிருமி தரும் இன்சுலினை ஊசியில் ஏற்றிக்கொள்கிறோம், யோசித்தோமா?' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். நீங்கள் யோசித்தீர்களோ இல்லையோ, என் அக்கா யோசித்துவிட்டார். அதைப் படித்த அன்று ராத்திரி ஊசியே போட்டுக்கொள்ளவில்லை. காலையில் பார்த்தால் சர்க்கரை 300ஐத் தாண்டி நிற்கிறது.

பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஃபெர்மென்டர் (பாக்டீரியா வளர்க்கும் தொட்டி) பக்கமே காலம் தள்ளிவிட்டு ஊர் திரும்பியவன் நான். உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். மனித இன்சுலினைப் பாக்டீரியாவில் செய்துகாட்டியது 1978இல். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1982இல். அந்தப் பாக்டீரியா ஈ.கோலை. அதன் வீடு சேறு அல்ல. உங்கள் குடலும் என் குடலும்தான். சில கம்பெனிகள் ஈஸ்டில் செய்கின்றன. அக்கா போடும் மருந்துக்கும் மண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவின் கதை வேறு. கட்டுரையாளர் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார். ஈ.கோலை தான் செய்த புரதத்தைப் பெரும்பாலும் உள்ளேயே கட்டியாக வைத்துக்கொள்ளும். தேங்காயை உடைப்பது மாதிரி செல்லை உடைத்து, கட்டியைக் கரைத்து, புரதத்தைச் சரியான வடிவத்துக்கு மடியவைத்து, ஈ.கோலையின் வெளிச்சவ்விலிருந்து வரும், காய்ச்சலை உண்டாக்கும் நஞ்சைச் சுத்தமாக நீக்கவேண்டும். ஷிப்ட் ஷிப்டாக நாங்கள் மாரடித்தது இதற்குத்தான். மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸுக்கு அந்த வெளிச்சவ்வும் கிடையாது, அந்த நஞ்சும் கிடையாது. புரதத்தின் முன்னால் ஓர் அடையாளத் துண்டைச் சேர்த்துவிட்டால் அதுவே வெளியே தள்ளிவிடும். போகிற வழியில் அந்தத் துண்டும் வெட்டுப்பட்டுவிடும். சலவைத்தூளில் போடும் என்சைம்கள் இப்படித்தான் லிட்டருக்குக் கிராம் கணக்கில் கிடைக்கின்றன.

மனிதப் புரதம் என்றால்தான் சிக்கல். புரதத்தைத் தின்னும் என்சைம்களையும் இதே பாக்டீரியா கூடவே வெளியே விடுவதால், தான் செய்ததைத் தானே அழித்துவிடுகிறது. அப்படிப்பட்ட 8 என்சைம்களின் ஜீன்களை நீக்கிய ரகமே உருவாக்கியிருக்கிறார்கள். அப்போதும் அதன் சொந்தச் சரக்கு வரும் அளவுக்கு மனிதப் புரதம் வருவதில்லை. இதை எழுதியிருந்தால் பிள்ளைகளாவது படித்திருக்கும்.

கேரட், பூண்டு போடும் நாங்கள் இந்தப் பேசில்லஸ் பொடியை வேரழுகலுக்காகத் தொழுவுரத்தில் கலந்து வெறுங்கையால் அள்ளிப் போடுகிறோம். ஜப்பானில் இதன் ஒரு வகையை வைத்துச் சோயாவைப் புளிக்கவைத்துக் காலையில் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். அப்புறம், நெளிவதற்கு இது என்ன புழுவா?

அருவருப்புப் பார்ப்பதென்றால் முன்பே பார்த்திருக்கவேண்டும். என் அப்பா போட்டது மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின். 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரு காலத்தில் வெறிநாய்க்கடி மருந்து ஆட்டு மூளையில்தான் தயாரானது. அதை வயிற்றில் போட்டுக்கொண்டு பிழைத்தவர்கள் இந்த மலையில் இன்னும் நடமாடுகிறார்கள். நம் நாட்டில் அந்த வகையை நிறுத்தியதே 2004 கடைசியில்தான். அப்போதெல்லாம் உங்கள் பேப்பருக்கு இந்த யோசனை வந்ததாகத் தெரியவில்லை.

உங்களுக்கு நீலகிரி என்றால் மே மாத மலர்க் கண்காட்சி, டிசம்பர் உறைபனி, அவ்வளவுதான். 2009 நவம்பர் மண்சரிவின்போது வேறெங்கோ எடுத்த படத்தைக் கேத்தி என்று போட்டீர்கள். எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. இன்னொரு கடிதத்தில் உங்களைப் பாராட்டிய ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினீர்கள். பெரிய மனசு உங்களுக்கு.

சரி, இப்போது நான் கேட்பது அதிகமில்லை. கடையில் விற்கும் இன்சுலின் மண் பாக்டீரியாவில் செய்ததல்ல, டாக்டரைக் கேட்காமல் யாரும் ஊசியை நிறுத்தவேண்டாம் என்று நாலு வரி, அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் போடுங்கள். முடிந்தால் ஞாயிறு இணைப்பை ஞாயிற்றுக்கிழமையே எங்களுக்கு அனுப்பிவையுங்கள். திங்கள் மத்தியானம்தான் கைக்கு வருகிறது, அதுவும் பஸ் வந்தால்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கோத்தகிரி